4கே டி.வி. வாங்கியும் படம் மங்கல்!
பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் 'மஞ்சள் ஆசாமி'

சென்னை:
"தவணை போட்டு 55 இஞ்ச் டி.வி. வாங்கினோம். பழைய பெட்டியே தேவலை போலிருக்கே!"

புது டி.வி. வந்து இறங்கிய வீடுகள் பலவற்றில் கேட்கும் புலம்பல் இது. செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாகத் தெரிகிறது. கீழே ஓடும் எழுத்துக்கள் கலங்கிக் கிடக்கின்றன. கடையில் கேட்டால், "டி.வி.யில் கோளாறே இல்லை சார், கேபிள்காரரைக் கேளுங்க" என்கிறார்கள். கேபிள்காரரோ கடையைக் கை காட்டுகிறார்.

625 கோடு கதை

சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ந்தேதி. அப்போது கறுப்பு-வெள்ளை. நாட்டில் கலர் வந்தது 1982-ல். அந்த முறைக்குப் பெயர் 'பால்'. குடிக்கிற பால் அல்ல! ஒரு படத்துக்கு 625 கோடு. அதில் கண்ணுக்குத் தெரிவது 576 தான்.

நம்ம ஊர் கரண்டு வினாடிக்கு 50 சுற்று. அதை ஒட்டி வினாடிக்கு 50 அரைப்படம். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படை அடுத்த தடவை. சேர்ந்தால் 25 முழுப்படம். அமெரிக்காவில் 525 கோடு, 60 சுற்று. அமெரிக்க மாப்பிள்ளை வீட்டு வீடியோ கேசட் இங்கே ஓடாமல் அடம் பிடித்தது இதனால்தான். எச்.டி. வந்ததும் கோட்டுச் சண்டை தீர்ந்தது. அங்கேயும் இங்கேயும் 1080. ஆனால் 50-ம் 60-ம் இன்னும் அப்படியேதான்.

ஒன்றுக்கு இருபது

குழாய் டி.வி. போய்விட்டது. 576 கோடு போகவில்லை! சாதா சானல் படம் இன்றைக்கும் அதிகம் போனால் 720-க்கு 576 புள்ளி. பெருக்கினால் 4 லட்சத்துச் சொச்சம். எச்.டி. சானல் 1920-க்கு 1080. அது 20 லட்சத்துக்கு மேல். 4கே திரையிலோ சுமார் 83 லட்சம் புள்ளி. வந்து சேர்ந்த ஒரு புள்ளியை வைத்து 20 புள்ளியைக் குத்துமதிப்பாக நிரப்புகிறது டி.வி. ஒரு டம்ளர் மோரில் தண்ணீர் ஊற்றி ஊருக்கே கொடுத்த கதை!

மஞ்சள் ஒயர்

"எச்.டி.க்குத் தனியாகப் பணம் கட்டுறேனே, எனக்கும் ஏன் மங்கல்?" என்பவர்கள் டி.வி.யின் முதுகைப் பார்க்க வேண்டும். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயர் தொங்கினால் அதுதான் ஆசாமி! அந்த மஞ்சள் ஒயரில் பழைய 576 கோடுதான் வரும். மாதாமாதம் கட்டும் காசு அங்கேயே காலி. எச்.டி.எம்.ஐ. ஒயர் வேண்டும். செட்-டாப் பெட்டியும் எச்.டி. பெட்டியாக இருக்க வேண்டும். அதன் செட்டிங்கில் 576 என்றிருந்தால் 1080-க்கு மாற்ற வேண்டும்.

பூசணிக்காய் முகத்துக்குச் செலவே இல்லை. 4-க்கு 3 அளவில் வரும் படத்தை 16-க்கு 9 திரையில் இழுத்து விடுவதால் வரும் வினை அது. ரிமோட்டில் அளவை மாற்றினால் ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும், முகம் சரியாகிவிடும்.

"கடையில் மட்டும் மீனும் பூவும் பளிச்சென்று ஓடுச்சே?" அங்கே ஓடுவது சானல் அல்ல. 4கே-யிலேயே எடுத்த மாதிரிப் படம். பணம் கட்டும் முன், "சாதா சானலைப் போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.