தாமரையை விதையிலிருந்து வளர்ப்போம்

சொந்தக் காணியை விட்டு வந்த குடும்பத்திற்கு, அடுத்தவர் வளவில் ஒரு தென்னம்பிள்ளை வைக்கவும் மனம் தயங்கும். எப்போது எழும்பச் சொல்வார்களோ என்ற யோசனை இருந்துகொண்டே இருக்கும். இப்படியான நிலையிலும் நாம் வளர்க்கக்கூடிய ஒரு பயிர் தாமரை. அதற்குக் காணி தேவையில்லை. ஓட்டையில்லாத அகன்ற பாத்திரம், சேறு, தண்ணீர், நல்ல வெயில் ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

விதையின் இயல்பு

தாமரை விதையைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பல வாரம் காத்திருந்து, முளைக்கவில்லையே என்று கைவிடுகிறவர்கள் பலர். பழுது விதையில் இல்லை. அதன் கறுத்த ஓடு மிகக் கடினமானது. தண்ணீரை உள்ளே விடாது. இந்த ஓட்டினால்தான் விதை நெடுங்காலம் உயிரோடு கிடக்கிறது. 1951ஆம் ஆண்டில் யப்பானின் சிபா பகுதியில் மண்ணுக்கடியிலிருந்து மூன்று தாமரை விதைகளைத் தாவரவியலாளர் இச்சிரோ ஓகா குழுவினர் எடுத்தனர். அவை ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையானவை என மதிப்பிடப்பட்டது. அவற்றுள் ஒன்று வளர்ந்து 1952இல் பூத்தது.

விதை தெரிவு

தாமரையையும் அல்லியையும் மாறிக் கொள்ளக்கூடாது. அல்லி இலையில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும். தாமரை இலை வெட்டில்லாத முழு வட்டம். தண்ணீர் அதில் ஒட்டாமல் முத்தாக உருளும். காய்ந்து கறுத்த தாமரைக் காயிலுள்ள விதைகளை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். தாழ்பவற்றை வைத்துக்கொண்டு மிதப்பவற்றை நீக்குங்கள்.

விதைக்காகவோ கிழங்குக்காகவோ பழக்கமில்லாத குளத்தில் இறங்க வேண்டாம். முதலை, ஆழச் சேறு ஆகியவற்றைப் பற்றி ஊராரிடம் விசாரியுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திற்குள் போகவே கூடாது.

முளைக்க வைக்கும் முறை

மாரி மழை ஓய்ந்து தை பிறந்தபின் தொடங்குவது நல்லது.

1. விதையின் ஒரு முனையில் சிறு கூர் இருக்கும். மறுமுனை சற்றுக் குழிந்திருக்கும். குழிந்த முனையைச் சீமெந்துத் தரையிலோ அரத்திலோ உரசுங்கள். உள்ளே வெளிர் மஞ்சள் நிறம் தெரிந்தவுடன் நிறுத்துங்கள். அதற்கு மேல் உரசினால் பருப்புப் பழுதாகி விதை அழுகும்.

2. ஒரு போத்தலில் நல்ல தண்ணீர் விட்டு விதைகளைப் போட்டு, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். ஓரிரு நாளில் விதை ஊதும். ஊதாததை மீண்டும் சிறிது உரசுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் பச்சை முளை வரும்.

3. மூன்று நான்கு இலைகளும் வேரும் வந்தபின் நடலாம். ஒன்றரை முதல் இரண்டு அடி அகலமான பேசின் அல்லது பாதியாக வெட்டிய பரல் பொருத்தம். எண்ணெய், கிருமிநாசினி இருந்த பரல் வேண்டாம். ஆறு அங்குலம் வயற்சேறு இட்டு, வேரை மட்டும் மெதுவாகப் புதையுங்கள். இலைகள் மிதக்கும் அளவுக்கு இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் விடுங்கள். ஒரு பாத்திரத்திற்கு ஒரு கன்று போதும்.

பராமரிப்பு

நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் இலை வரும், பூ வராது. தொடக்கத்தில் எரு இட வேண்டாம். தண்ணீர் பழுதாகிப் பாசி பிடிக்கும். தண்ணீருக்கு மேலே நிமிர்ந்த இலைகள் வந்தபின், நன்கு உக்கிய மாட்டெருவைக் களிமண்ணுடன் பிசைந்து உருண்டையாக்கி, மாதம் ஒருமுறை பாத்திரத்தின் ஓரமாகச் சேற்றினுள் அமுக்குங்கள்.

தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். ஆகவே பாத்திரத்தில் நாலைந்து கப்பி மீன்களைக் கட்டாயம் விடுங்கள். தவழும் பிள்ளைகள் உள்ள வீட்டில் சுற்றி வேலியும் அவசியம்.

பலன் என்ன?

பூ சில வேளை முதலாண்டிலும், பெரும்பாலும் இரண்டாம் ஆண்டிலுமே வரும். விதைக் கன்றின் பூ தாய்ச்செடியின் நிறத்திலேயே வரும் என்று சொல்ல முடியாது. அதே பூ வேண்டுமானால் கிழங்கைப் பிரித்து நட வேண்டும். கோயிலிலும் விகாரையிலும் தாமரைக்குத் தேவை உண்டு. என்றாலும் ஒரு பேசினை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். அது சீவியத்திற்குப் போதாது. முதலில் கையைப் பழக்குவோம். விற்க இடமுண்டா என்று விசாரித்தபின் பாத்திரங்களைக் கூட்டுவோம். மிஞ்சிய கன்றுகளை, கமக்கார அமைப்பைக் கேளாமல் குளத்தில் விடாதீர்கள். பரவினால் தண்ணீர்ப் பாதையை அடைக்கும்.

இடம் மாற நேர்ந்தால் தண்ணீரை ஊற்றிவிட்டு, கிழங்கை ஈரச் சேற்றுடன் சாக்கில் சுற்றிக் கொண்டுபோகலாம். அதற்கும் வழியில்லாத நாள் வரலாம். ஆகையால் எல்லா விதையையும் ஒரே நாளில் உரசாதீர்கள். பத்து விதை கிடைத்தால் ஐந்தை உரசுங்கள். மற்ற ஐந்தையும் உலர்ந்த துணியில் முடிந்து, காணி உறுதியும் அடையாள அட்டையும் இருக்கும் பையில் வையுங்கள். உரசாத விதை பல ஆண்டு கெடாது. எங்கே நிலையாக இருக்கப் போகிறோமோ, அங்கே போய் அதை உரசலாம்.