உங்களுக்குத் தெரியுமா? கொலைகாரனைப் ‘படித்து’ப் பிடித்தவர்கள்

தாமஸ் ஹாரிஸ் எழுதிய மூன்று நாவல்கள்: ‘ரெட் டிராகன்’ (1981), ‘தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ (1988), ‘ஹனிபால்’ (1999). தொடர் கொலைகாரர்களைத் துரத்தும் கதைகள். படித்தவர்களைக் கேட்டால் முதலில் வாயில் வருவது மனித மாமிசம் தின்னும் டாக்டர் ஹனிபால் லெக்டரின் பெயர்தான். அவரைப் பிடித்தவர் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார்கள். இந்த வாரத் துணுக்குகள், பிடித்தவர்கள் பக்கம்.

ஏழும் பதினொன்றும்

முதல் நாவலைப் படித்தவர்கள் இரண்டாவதற்கு 7 ஆண்டு காத்திருந்தார்கள். மூன்றாவதற்கு 11 ஆண்டு. ‘அடுத்த இதழில்’ என்று போட்டாலே முகம் சுளிக்கிற நாம் எங்கே, அவர்கள் எங்கே! 2006இல் வந்த ‘ஹனிபால் ரைசிங்’ லெக்டரின் இளமைக் கதை. அதைத் தனியாக வைத்துக்கொண்டு, முதல் மூன்றையும் வெளிவந்த வரிசையிலேயே படிப்பதுதான் சுகம்.

பழைய புத்தகத்தில் ஒரு படம்

லெக்டரைப் பிடித்தவர் ‘ரெட் டிராகன்’ நாவலின் நாயகன் வில் கிரஹாம், எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) துப்பறிவாளர். எப்படிப் பிடித்தார்? துப்பாக்கியாலும் அல்ல, துரத்தியும் அல்ல. விசாரிக்கப் போன இடத்தில், டாக்டரின் அலமாரியில் பழைய மருத்துவ நூல்கள் இருந்தன. அந்தக் காலத்து மருத்துவ நூல்களில் ‘காய மனிதன்’ என்று ஒரு படம் வரும். போரில் படக்கூடிய அத்தனை காயங்களையும் ஒரே உடம்பில் வரைந்து காட்டுவது. 1491இல் வெனிஸில் அச்சான நூலிலேயே அது உண்டு. பிணத்தில் பார்த்த காயங்களும் அந்தப் படமும் கிரஹாம் மனத்தில் சட்டென்று ஒட்டிக்கொண்டன.

ஒரே ஒரு சந்திப்பு

இத்தனைக்கும் ‘ரெட் டிராகன்’ தொடங்கும்போதே லெக்டர் கம்பிக்குப் பின்னால்தான் இருக்கிறார். கிரஹாமும் அவரும் நேருக்கு நேர் பேசுவது நாவலில் ஒரே ஒரு முறை. அதில் ஓரமாக வந்து போனவர், அடுத்த இரண்டு நாவல்களையும் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டார்!

சிறையில் பார்த்த ‘நல்ல டாக்டர்’

ஹாரிஸ் இளம் பத்திரிகையாளராக இருந்தபோது, மரண தண்டனைக் கைதி ஒருவரைப் பேட்டி காண மெக்சிகோவின் மான்டெரே சிறைக்குப் போனார். அந்தக் கைதிக்குக் குண்டுக்காயம் பட்டபோது உயிரைக் காப்பாற்றிய டாக்டரையும் அங்கே சந்தித்தார். மெலிந்த உடல், நாசூக்கான பேச்சு. சிறை மருத்துவர் என்றே ஹாரிஸ் நினைத்துக்கொண்டார். கிளம்பும்போதுதான் தெரிந்தது, அவரும் கொலைக் குற்றத்துக்காக உள்ளே இருப்பவர் என்று. லெக்டர் பிறந்த இடம் அதுதான் என்று ஹாரிஸ் வெளியே சொன்னது 2013இல், ‘லாம்ப்ஸ்’ நாவலின் வெள்ளிவிழாப் பதிப்பில். அப்போதும் உண்மைப் பெயரைச் சொல்லாமல் ‘டாக்டர் சலாசர்’ என்றே எழுதினார்.

பருத்திக் காட்டு வீடு

‘ரெட் டிராகன்’ நாவலின் பெரும் பகுதி மிசிசிப்பியில், பருத்தி வயலின் நடுவே இருந்த ஒரு சின்ன வீட்டில் எழுதப்பட்டது. குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லை என்று ஹாரிஸ் ஊர் திரும்பியிருந்த நேரம். ராத்திரியில் வீட்டு விளக்கை எரியவிட்டுவிட்டு வயலில் நடப்பார். பாதி காட்டு நாய்களாக இருந்த ஒரு கூட்டம் கூடவே வரும். தூரத்தில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்ப்பார். நாவலில் கிரஹாம் தேடும் கொலைகாரன் (லெக்டர் அல்ல, வேறொருவன்) செய்வதும் இதைத்தான்: இருட்டில் நின்றுகொண்டு, விளக்கு எரியும் வீட்டைப் பார்ப்பது.

கண்ணில் பதிந்த ரேகை

அந்தக் கொலைகாரன் ஒரு குடும்பத்தைக் கொன்ற வீட்டுக்குக் கையுறை போட்டுக்கொண்டு வந்தவன். வீடு முழுக்கத் தேடியும் ரேகை இல்லை. இறந்த பெண்ணின் உடம்பில் கொஞ்சம் டால்கம் பவுடர் ஒட்டியிருந்தது. கையுறையின் உட்புறத்தில் தூவியிருக்கும் பவுடர். அப்படியென்றால் எங்கேயோ ஒரு நொடி கையுறையைக் கழற்றியிருக்கிறான்! எங்கே தொட்டிருப்பான் என்று கிரஹாம் யோசித்துச் சொல்ல, கட்டைவிரல் ரேகையின் ஒரு பகுதி அகப்படுகிறது. எங்கே தெரியுமா? அந்த வீட்டில் கொல்லப்பட்ட மூத்த பிள்ளையின் கண் மேல்.

மரத்தில் ஒரு எழுத்து

வீட்டை ஒளிந்திருந்து பார்த்த மரத்தில் அவன் கத்தியால் கீறிவைத்திருந்தது ஒரு சீன எழுத்து. மாஜாங் ஆட்டக் காய்களில் ‘சிவப்பு டிராகன்’ காயின் மேல் இருக்கும் அதே குறி. நாவலின் தலைப்பே அந்த மரப்பட்டையில் இருந்தது.

ஓவியத்தை விழுங்கியவன்

அந்த டிராகன், ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1800களின் தொடக்கத்தில் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களில் வருவது. அவற்றில் ஒன்று நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாவலில் கொலைகாரன் அங்கே நுழைந்து அதைக் கிழித்து வாயில் போட்டு விழுங்கிவிடுகிறான். கவலை வேண்டாம், அசல் பத்திரமாக இருக்கிறது!

ஆறாவது விரல்

‘லாம்ப்ஸ்’ நாவலில் லெக்டருக்கு இடது கையில் ஆறு விரல்கள். அதே பெயரில் வந்த படத்தில் லெக்டராக நடித்த ஆன்டனி ஹாப்கின்ஸுக்கு ஐந்தே. மூன்றாவது நாவலில், அடையாளம் தெரியாமலிருக்க லெக்டர் அந்த உபரி விரலை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுகிறார்.

மாறிப்போன ஒயின்

ஈரலைச் சாப்பிட்டதைப் பற்றிப் படத்தில் லெக்டர் சொல்லும் புகழ்பெற்ற வசனத்தில் வரும் ஒயின் ‘கியான்டி’. நாவலில் அது ‘அமரோனே’. படத்துக்காக மாற்றிவிட்டார்கள்.

எள்ளு வயலில் இருந்து ஹாலிவுட்டுக்கு

‘லாம்ப்ஸ்’ நாவலில், கொலையான பெண்ணின் தொண்டையில் ஒரு கூட்டுப்புழு கிடைக்கிறது. எஃப்.பி.ஐ. பயிற்சியில் இருக்கும் இளம்பெண் கிளாரிஸ் ஸ்டார்லிங் அதை எடுத்துக்கொண்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு ராத்திரியில் போகிறார். அங்கே பூச்சி நிபுணர்கள் இருவர் செஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பலகையில் உயிருள்ள வண்டு ஒன்றும் ஊர்கிறது. வண்டு ஒரு காயைத் தள்ளிவிட்டால் அதுவும் கணக்குத்தான்!

நாவலில் இரண்டு வகை அந்துப்பூச்சிகள் வரும். படத்தில் ஒன்றே ஒன்று, முதுகில் மண்டையோடு வரைந்ததுபோல் இருக்கும் ‘அக்கெரான்ஷியா ஸ்டிக்ஸ்’. இரண்டு சொல்லுமே கிரேக்கப் புராணத்தின் பாதாள நதிகளிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் இல்லாத பூச்சி, ஆசியாவுக்குச் சொந்தமானது. அதனால்தான் அது அங்கே துப்பு. நம் ஊரில் துப்பு துலக்கவே வேண்டாம்: எள் பயிரின் இலையைத் தின்னும், வால் பக்கம் கொம்பு வைத்த கொழுத்த பச்சைப் புழு இருக்கிறதே, அது இந்தப் பூச்சியின் புழுதான். கையால் பொறுக்கி அழிப்பதும், ஆழ உழுது மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவதும் வழக்கமான வைத்தியம். வளர்ந்த பூச்சி தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடும். கையில் பிடித்தால் கீச்சென்று கத்தும்.

போஸ்டரை உற்றுப் பாருங்கள்

அந்தப் படத்தின் போஸ்டரில் பூச்சியின் முதுகில் இருக்கும் மண்டையோடு இயற்கையானது அல்ல. ஓவியர் சால்வடார் தாலியும் புகைப்படக்காரர் பிலிப் ஹால்ஸ்மனும் 1951இல் உருவாக்கிய படம். ஏழு பெண்களை அடுக்கி நிறுத்தி அமைத்த மண்டையோடு அது.

டார்ட் பிடித்த துப்பு

(கதையின் முடிச்சு அவிழும் இடம். படிக்காதவர்கள் அடுத்த துணுக்குக்குத் தாண்டிவிடுங்கள்.) பிணத்தின் முதுகில் சில துண்டுகள் மட்டும் ஏன் வெட்டியெடுக்கப்பட்டிருக்கின்றன? அனுபவசாலிகள் எல்லாரும் அந்தப் போட்டோக்களைப் பார்த்தார்கள். முதலில் கொல்லப்பட்ட பெண்ணின் வீட்டுத் தையல் அறையில் நிற்கும்போதுதான் கிளாரிஸுக்கு உறைக்கிறது. ரவிக்கைக்கு வாகு வர டார்ட் பிடிப்பார்களே, அந்தக் கணக்கு! கொலைகாரன் தையல் தெரிந்தவன். ஊசி பிடித்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது தெரிந்தது.

கன்னியாஸ்திரியும் ராணுவப் பெண்ணும்

கிளாரிஸ் போன்ற ஒரு கதாநாயகியை 1960களில் எழுதியிருக்க முடியாது. எஃப்.பி.ஐ.யை நெடுங்காலம் ஆண்ட எட்கர் ஹூவர், தன் காலத்தின் பெரும்பகுதியில் பெண்களை ஏஜென்ட்டாகச் சேர்க்கவில்லை. அவர் 1972 மே மாதம் இறந்தார். ஜூலையில் இரண்டு பெண்கள் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஒருவர் முன்னாள் கன்னியாஸ்திரி. மற்றவர் கடற்படைக் காலாட்படையிலிருந்து வந்தவர்.

ஐந்துக்கு ஐந்து

1991இல் வந்த ‘லாம்ப்ஸ்’ படம், சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் அள்ளியது. அதுவரை இரண்டே படங்கள் செய்திருந்த சாதனை. 118 நிமிடப் படத்தில் ஹாப்கின்ஸ் திரையில் இருப்பது அரை மணி நேரம்கூட இல்லை. 2003இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் பட்டியல் போட்டபோது வில்லன்களில் லெக்டருக்கு முதலிடம். நாயகர்களில் கிளாரிஸுக்கு? ஆறாம் இடம்.

குதிரையா, ஆட்டுக்குட்டியா?

‘லாம்ப்ஸ்’ நாவலின் தலைப்புக்குக் காரணம் கிளாரிஸின் சின்ன வயது நினைவு: வெட்டப்படும் ஆட்டுக்குட்டிகளின் கதறல். படத்தில் அவள் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். நாவலில் கூட்டிக்கொண்டு போவது ஒரு குதிரையை. பெயர் ஹன்னா.

ஃப்ளாரன்ஸ் நீதிமன்றத்தில் ஒரு பார்வையாளர்

1968 முதல் 1985 வரை இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரைச் சுற்றி 16 பேர் ஜோடி ஜோடியாகக் கொல்லப்பட்டார்கள். 1994இல் அந்த வழக்கு விசாரணைக்கு ஹாரிஸ் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ‘ஹனிபால்’ நாவலின் இத்தாலியப் பகுதிக்கு விதை அது. அதில் வரும் இன்ஸ்பெக்டர் பாட்ஸி ஒரு பழைய குடும்பத்தின் வாரிசு. 1478இல் மெடிச்சி சகோதரர்களைத் தேவாலயத்தில் தாக்கியதற்காக, பாட்ஸி குடும்பத்துப் பிரான்செஸ்கோவை அரண்மனை ஜன்னலிலிருந்து தூக்கில் தொங்கவிட்டது உண்மை வரலாறு. வாரிசின் கதையை நாவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல் பிறந்த கதை

‘தொடர் கொலைகாரன்’ என்ற பொருள்தரும் ஜெர்மன் சொல்லை 1930இலேயே பெர்லின் போலீஸ் அதிகாரி எர்ன்ஸ்ட் கென்னட் எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் ‘சீரியல் கில்லர்’ பரவக் காரணமானவர்களில் முக்கியமானவர் எஃப்.பி.ஐ.யின் ராபர்ட் ரெஸ்லர். ஹாரிஸ் நாவலுக்காகக் குவான்டிகோவில் உள்ள எஃப்.பி.ஐ. பயிற்சி மையத்துக்குப் போய்ப் பேசியவர்களில் அவரும் ஒருவர்.

புகழ் டாக்டருக்கு, வேலை கிளார்க்குக்கு

நியூயார்க்கில் 16 ஆண்டுகள் வெடிகுண்டு வைத்துக்கொண்டிருந்தவனைப் பற்றி 1956இல் மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரசல் கணித்துச் சொன்னார்: பிடிபடும்போது இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டு போட்டிருப்பான்! போலீஸ் கதவைத் தட்டியபோது ஆள் இரவு உடையில் இருந்தான். மாற்றிக்கொண்டு வந்தது அதே மாதிரி கோட்டு. பிரசல் புகழ்பெற்றார். ஆனால் அவன் பெயரைக் கண்டெடுத்தவர், மின்சார நிறுவனத்தில் பழைய நஷ்டஈட்டுக் கோப்புகளைப் புரட்டிய ஆலிஸ் கெல்லி என்ற கிளார்க். குண்டுக்காரன் கடிதங்களில் எழுதிய அதே சொற்கள் ஒரு கோப்பில் இருந்தன.

பேசாத எழுத்தாளர்

1970களின் நடுவிலிருந்து பேட்டி கொடுக்காமலே இருந்த ஹாரிஸ், 2019இல்தான் வாய் திறந்தார். உலகத்தையே நடுங்கவைத்தவர், மயாமியில் அடிபட்ட கடற்பறவைகளைப் பராமரிக்கும் நிலையத்துக்கு அடிக்கடி போய்வருகிறவர்.

நூலகத்தில் ஒரு துப்பறிவாளர்

1950களின் இறுதி. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸில் பியர்ஸ் புரூக்ஸ் என்ற துப்பறிவாளர். தான் விசாரிக்கும் கொலையைச் செய்த கை வேறு ஊர்களிலும் வேலை காட்டியிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்க்க அன்று கம்ப்யூட்டர் வசதி இல்லை. லீவு நாளில் பொது நூலகத்துக்குப் போய் வெளியூர்ப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரே மாதிரி கொலைச் செய்தி எங்கேயாவது இருக்கிறதா? நாடு முழுக்க நடக்கும் கொலைகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கும் எஃப்.பி.ஐ. திட்டம் 1985இல் தொடங்கியபோது, அதற்கு முதல் பொறுப்பாளர் அவர்தான்.

அடுத்த முறை இந்த நாவல்களில் ஒன்றைக் கையில் எடுத்தால், லெக்டர் வரும் பக்கத்துக்குத் தாவாமல் கிரஹாமும் கிளாரிஸும் தாளைப் புரட்டுகிற பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். பிடிப்பதற்கு முன்னால் அவர்களும் படிக்கத்தான் வேண்டியிருந்தது.