விடியற்காலையில் மீன் ஏன் சாகிறது?

பத்து மாதம் தீனி போட்டு வளர்த்த மீன்கள் ஒரே இரவில் செத்து மிதப்பது சில குட்டைகளில் நேர்வதுண்டு. யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று அண்டை நிலத்தார் மீது பழி போடுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம் குட்டைக்குள்ளேயே இருக்கிறது. நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்துபோவதே அந்தக் காரணம். மீன் வளர்ப்பின் அடிப்படை முறைகளைச் சரிவரக் கடைப்பிடித்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

குட்டையைத் தயாரித்தல்

குட்டையில் 5 முதல் 6 அடி வரை தண்ணீர் நிற்க வேண்டும். கோடையில் நீரை வடித்து, அடிமண் வெடிக்கும் வரை காயவிடுவது நல்லது. இதனால் குஞ்சுகளைத் தின்னும் விரால், கெளுத்தி போன்ற மீன்கள் அழியும். நீரை வடிக்க முடியாத இடங்களில் இலுப்பைப் பிண்ணாக்கு இடலாம். அதன் நஞ்சு நீங்க மூன்று வாரங்கள் ஆகும். அதற்கு முன் குஞ்சு விடக்கூடாது.

50 சென்ட் குட்டைக்கு 50 கிலோ சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்து 400 கிலோ சாணம் இட வேண்டும். பின்னர் மாதந்தோறும் 160 கிலோ இட்டு வரலாம். களர் நிலமானால் மண் பரிசோதனைக்குப் பிறகே சுண்ணாம்பு இட வேண்டும். எருவிட்ட நீரில் நுண்ணிய பாசிகளும், அவற்றை உண்ணும் சிற்றுயிர்களும் பெருகும். இவையே மீனுக்கு இயற்கை உணவு.

குஞ்சு விடுதல்

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுகின்றன. ஆகவே மூன்றையும் சேர்த்து விட்டால் குட்டையின் உணவு முழுவதும் பயன்படும். 50 சென்ட் குட்டைக்குக் கட்லா 400, ரோகு 300, மிர்கால் 300 என 1000 குஞ்சுகள் போதும். அவை விரல் நீளத்துக்கு வளர்ந்தவையாக இருக்கட்டும். குஞ்சுகள் உள்ள பையைக் கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, குட்டை நீரைச் சிறிது சிறிதாகக் கலந்த பின்னரே திறந்துவிட வேண்டும்.

தீனி

கடலைப் பிண்ணாக்கையும் அரிசித் தவிட்டையும் சம அளவில் கலந்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைக்க வேண்டும். மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு தீனி போதுமானது. மொத்த எடை 100 கிலோ என்றால் நாளொன்றுக்கு 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். மீதமாகும் தீனி அடியில் அழுகிப் பிராணவாயுவைக் குடித்துவிடும்.

மூச்சுத் திணறல்

பகலில் வெயிலின் உதவியால் பாசி பிராணவாயுவை வெளிவிடுகிறது. இரவில் அதே பாசியும் மீனோடு போட்டியிட்டுச் சுவாசிக்கிறது. ஆகவே சூரியன் உதிக்கும் முன் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். மேகமூட்டம் தொடர்ந்தாலும், பாசி அளவுக்கு மீறினாலும் நிலைமை மோசமாகும். மீன்கள் பெருத்துவிட்ட கடைசி மாதங்களில் ஆபத்து அதிகம்.

விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது மூச்சுத் திணறலின் அடையாளம். பெரிய மீன்களே முதலில் சாகும். உடனே தீனியையும் எருவையும் நிறுத்த வேண்டும். கிணற்று நீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி பாய்ச்ச வேண்டும். புதுநீர் இல்லையேல் குட்டை நீரையே பம்பு செட்டால் இறைத்து, திரும்ப அதிலேயே கொட்டலாம். வெயில் ஏறும் வரை நிறுத்தக்கூடாது.

கையே அளவுகோல்

பாசியின் அளவை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. வெயில் நேரத்தில் கலங்காத பச்சை நீரில் கையை நீட்டி, முழங்கை வரை இறக்கிப் பாருங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் அளவு சரி. மணிக்கட்டு நனைந்ததுமே மறைந்தால் பாசி மிகுதி, எருவை நிறுத்துங்கள். முழங்கை மூழ்கிய பின்னும் தெளிவாகத் தெரிந்தால் எரு போதவில்லை.

எட்டாம் மாதம் முதல் பெரிய மீன்களைச் சிறிது சிறிதாகப் பிடித்து விற்றுவந்தால் குட்டையில் நெருக்கடி குறையும். எஞ்சியவை விரைந்து பெருக்கும். 1000 குஞ்சில் 800 தேறி, ஒவ்வொன்றும் முக்கால் கிலோ எடை வந்தால் 600 கிலோ மீன் கிடைக்கும். கடைசி மாதங்களில், குறிப்பாக மழை மூட்டமான நாட்களில், கோழி கூவும் நேரத்தில் ஒருமுறை குட்டைக் கரைக்குப் போய் வருவது அந்த 600 கிலோவைக் காக்கும்.