தாலி ஏறினால் படிப்புப் பணம் நின்றுவிடுமா?

பிளஸ் டூ பரீட்சை முடிகிறது. உடனே பெண் கேட்டு ஆள் வருகிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் தறி ஓட்டும் வீட்டிலும் இது உண்டு. மரவள்ளி பயிரிடும் வீட்டிலும் உண்டு. "நல்ல இடம். முடித்துவிடலாம். ஆனால், கல்லூரிக்கு வரும் உதவிப் பணம் போய்விடுமோ?" என்று தாய் தகப்பன் யோசிக்கிறார்கள்.

அது எந்தப் பணம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கல்யாணப் பணம், படிப்புப் பணம்

1989-ல் தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். ஆனால் பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும்! தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2011-ல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாய் என்றானது. 2016-ல் தங்கம் ஒரு பவுன் ஆயிற்று.

2022-ல் அந்தத் திட்டமே மாறியது. அம்மையார் பெயரிலேயே, அந்த ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி "புதுமைப் பெண்" திட்டம் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். மூன்று வருடப் பட்டப் படிப்புக்கு 36,000 ரூபாய்!

குடும்ப வருமானத்துக்கு அதில் உச்சவரம்பு வைக்கவில்லை. ஆகவே, தகப்பன் கூலிக்காரரா, கணவன் பணக்காரரா என்ற பேச்சுக்கே இடமில்லை. படிப்புத்தான் கணக்கு. கல்யாணம் ஆனதும் பெண்ணைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினால்தான் நஷ்டம்.

கணவன் வருமானம்

ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசு நிதியுடன் வரும் கல்வி உதவித்தொகை வேறு விதம். அதற்கு வருமான வரம்பு உண்டு. 2013-ல் அது ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் ஆக்கப்பட்டது. கல்யாணமாகி, வேலையில்லாமல் படிக்கும் பெண்ணுக்குக் கணவன் வருமானத்தைப் பார்க்க வேண்டும் என்று அதன் விதிகளில் நெடுங்காலம் ஒரு குறிப்பு இருந்து வந்தது.

தகப்பன் கூலிவேலை செய்கிறார். மாப்பிள்ளைக்குச் சொந்த லாரி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் உதவி உண்டு. பின்னால் மாப்பிள்ளை வருமானம் வரம்பைத் தாண்டினால் உதவி இல்லை!

அமெரிக்காவிலும் இப்படித்தான். கல்யாணமான மாணவரை மத்திய அரசின் உதவிக் கணக்கில் தனிக் குடும்பமாக வைக்கிறார்கள். பெற்றோர் வருமானத்தை விட்டுவிட்டு, கணவன் அல்லது மனைவி வருமானத்தைப் பார்க்கிறார்கள்.

சாதி மட்டும் மாறாது. அது பிறப்பால் வருவது. கணவன் சாதியை வைத்துச் சலுகை கேட்க முடியாது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

வயது பாருங்கள்

பிளஸ் டூ முடிக்கும்போது பல பெண்களுக்கு 17 வயதுதான். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் கல்யாணம் செய்வது 2006-ம் வருடச் சட்டப்படி குற்றம். அப்படி ஏற்பாடு நடந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பெண்ணே செய்யலாம்.

வயது வந்த பிறகு கல்யாணம் என்றால், மூன்று காரியங்களைக் கவனியுங்கள்:

பாங்குக் கணக்கு பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும்.

படிப்பு முடியும் வரை இனிஷியலை மாற்றாதீர்கள். சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்றால் வீண் அலைச்சல்.

உதவித்தொகைக்கு யாருடைய வருமானச் சான்று வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

நகை, சீர், மண்டபம் எல்லாம் பேசி முடிக்கிறோம். "பெண் படிப்பை முடிப்பாள்" என்பதையும் அதே சபையில், பெரியவர்கள் முன்னால் பேசி முடித்துவிட வேண்டும்!