வண்டியின் உயரமும் டயரின் அளவும்

இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கும் குடகின் காப்பித் தோட்டங்களுக்கும் செல்லும் மண்பாதைகளைப் பருவமழை ஒரு மாதத்தில் உருக்குலைத்துவிடுகிறது. சக்கரத் தடங்கள் பள்ளமாகின்றன. நடுவே மேடு எழும்பி நிற்கிறது. அம்மேட்டில் பிக்கப் வண்டியின் அடிப்பாகம் இடிக்கும் ஓசையைக் கேட்ட எவருக்கும், பெரிய டயர் போட்டு வண்டியைச் சற்று உயர்த்திவிடலாமே என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. பட்டறைக்காரரும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லுவார். அவ்வேலையால் கிடைப்பது யாது, அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பதை முன்னரே அறிந்துகொள்வது நலம்.

வண்டிக்கு உயரம் இரண்டு வகை. பின்னச்சு ஒரே தண்டாக அமைந்த வண்டியில், தரைக்கு மிக அருகே இருப்பது பெரும்பாலும் அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் பெட்டியேயாகும். வில்பட்டைகளை எவ்வளவு உயர்த்தினாலும் அப்பெட்டி ஓர் இழைகூட மேலெழாது. அச்சுக்கு மேலிருக்கும் சட்டமும் உடலுமே உயரும். அச்சை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான். இடிப்பது எது என்று பாராமலே வில்பட்டைக்குப் பணம் செலவிட்டவர் பலர்.

டயரும் நாம் எண்ணுமளவு உயர்த்துவதில்லை. 215/75 ஆர் 15 என்ற டயரின் குறுக்களவு சுமார் 703 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 என்பது சுமார் 733. வேறுபாடு 30 மில்லிமீட்டர். அச்சு உயர்வதோ அதில் பாதி, 15 மில்லிமீட்டர். இதற்கு ஈடாக, வேகமானியில் 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 62½ கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஏற்றத்தில் இழுவிசை நூற்றுக்கு நான்கு பங்கு குறையும். பிரேக்கின் பிடியும் சக்கரத்தின் விளிம்பில் அதே அளவு குறையும். வெறும் வண்டிக்கு இது சிறிது. சுமையேற்றி நீண்ட இறக்கத்தில் வருபவருக்குச் சிறிதன்று.

அளவைக் காட்டிலும் முதன்மையானது டயரின் தாங்குதிறன். பிக்கப்புக்குரிய பார டயரும் காருக்குரிய டயரும் ஒரே அளவில் கிடைக்கும். தோற்றம் கவர்ச்சியாக இருக்கிறதென்று கார் டயரை வாங்கிப் பாரம் ஏற்றினால், அது சூடேறி வெடிக்கக்கூடும். பக்கச் சுவரில் பொறித்துள்ள சுமை எண், பழைய டயரின் எண்ணுக்குக் குறையலாகாது.

இனி வில்களைப் பார்ப்போம். முதலில் செய்ய வேண்டியது உயர்த்துவதன்று, அளப்பது. பல ஆண்டு பாரம் சுமந்த வில்பட்டைகள் தளர்ந்து இறங்கியிருக்கும். அவற்றைப் புதுப்பித்தால் இழந்த உயரம் திரும்பக் கிடைக்கும். பலருக்கு அதுவே போதும். (வடநாட்டுப் பட்டறைகளில் இதைக் 'கமானி' என்பர், அச்சொல்லைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை எளிதாகும்.) அதற்கு மேலும் உயரம் வேண்டுமெனில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பார்கள், அல்லது பின்னச்சுக்கும் வில்லுக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பார்கள். முன்னச்சில் கட்டை வைப்பது ஆகாது. பட்டை சேர்த்ததனால் வண்டி ஏற்றலாமென அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோவும் கூடிவிடாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். முன்புறம் முறுக்குத்தண்டு அமைந்த வண்டிகளில் ஒரு போல்ட்டைத் திருகினாலே உயரம் கூடும். எளிது என்று அளவுமீறித் திருகினால் சக்கரம் கீழே இறங்குவதற்கு இடமின்றிப் போய், ஒவ்வொரு குழியிலும் இணைப்புகள் அடிபடும். எம்முறையாயினும் சக்கர நேர்மையைச் சரிபார்த்தே தீரவேண்டும். இல்லையேல் புது டயர் ஓரம் தேய்ந்துபோகும்.

பட்டறைகளில் பலர் கவனிக்காது விடும் ஒன்றை இங்கே அழுத்திக் கூற விரும்புகிறேன். பல பிக்கப்களில் சட்டத்துக்கும் பின்னச்சுக்கும் இடையே ஒரு சிறு தண்டும், அதனோடு இணைந்த ஒரு வால்வும் உண்டு. சுமை ஏறினால் சட்டம் தாழ்ந்து அச்சை நெருங்கும். அதை உணர்ந்து வால்வு பின்சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தை மிகுதியாக விடும். வண்டி வெறுமையாயின் சட்டம் உயரும், அழுத்தம் குறையும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலாதிருக்கவே இந்த ஏற்பாடு. நாம் பின்புறத்தை உயர்த்திவிட்டால், சுமையேற்றியபோதும் வண்டி வெறுமையாக இருப்பதாகவே வால்வு கருதும். பின்பிரேக் தன் பங்கைச் செய்யாது. முன்பிரேக்குகளே அனைத்தையும் தாங்கிச் சூடேறித் தளரும். பிரேக் திரவத்தில் குறையில்லை, லைனிங் புதியது, ஆயினும் வண்டி நிற்கவில்லை என்று ஓட்டுநர் திகைப்பார். உயர்த்திய அளவுக்கேற்ப அத்தண்டைத் திருத்தி அமைத்தாயிற்றா என்று கேட்காமல் வண்டியைப் பெற்றுக்கொள்ளலாகாது. பிரேக் குழாய்களும், சக்கரம் முழுதும் கீழே தொங்கும்போது இழுபடாத நீளம் உடையனவா என்று பார்க்கவேண்டும்.

கவிழும் அபாயமும் கணக்குக்கு உட்பட்டதே. இரு சக்கரங்களுக்கிடையே 1400 மில்லிமீட்டரும், எடைமையம் தரையிலிருந்து 700 மில்லிமீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். அவ்வண்டி 45 பாகை சாய்ந்தால் கவிழும். எடைமையம் 75 மில்லிமீட்டர் உயர்ந்தால் 42 பாகையிலேயே கவிழும். வில்கள் ஒருபுறமாக அமுங்குவதால் உண்மையில் அதற்கும் முன்னரே ஆபத்து நேரும். மேலே மூட்டைகளை அடுக்கினால் கேட்க வேண்டுவதில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருப்பவர் அங்கே மறுபதிவு செய்யவேண்டும். மாற்றம் அப்போது கண்ணில் படாமற்போகாது. ஆகவே, அதே வண்டிக்கு உற்பத்தியாளரே வேறு அளவு டயரைப் பொருத்தி விற்கிறாரா என்று பட்டியலில் பார்த்து, அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே தக்கது.

வேலை முடிந்ததும் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி டயர் எங்கேனும் உரசுகிறதா என்று பாருங்கள். பாரம் ஏற்றியும் ஒருமுறை பாருங்கள். முகப்பு விளக்குகளைத் தாழ்த்தி அமைக்கச் சொல்லுங்கள். இல்லாவிடில் எதிரே வருபவரின் கண் கூசும். வில்பட்டையை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகள் முதற்சில நூறு கிலோமீட்டரில் தளர்வது வழக்கம். அவற்றை மீண்டும் முடுக்கிய பின்னரே மலை இறக்கத்துக்குச் சுமையோடு புறப்படுங்கள்.