வாகனம் தெரிகிறது, இலக்கம் எங்கே?

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு நோன்பு மாதம். எல்லோரும் தராவீஹ் தொழுகைக்காகப் பள்ளிவாசலில் இருந்த நேரம் பார்த்து எமது களஞ்சியசாலையின் பூட்டை உடைத்து, 22 மின்சார வயர் ரோல்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடத்தைச் சுற்றி நான்கு கெமராக்கள் இருந்தன. பொலிஸார் வந்து பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். வெளிர் நிற வேன், அதன் கதவிலே ஒரு நசுங்கல், ஏற்றியவனின் தொப்பி எல்லாம் தெரிந்தன. இலக்கத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு வெளிச்சம். “முதலாளி, வேன் தெரியுது, நம்பர் எங்கே?” என்று பொலிஸ் உத்தியோகத்தர் கேட்டார். நான் என்ன சொல்வது?

கெமரா பூட்டித் தந்தவர்கள் ‘எச்.டி. கெமரா, எல்லாம் துல்லியமாகத் தெரியும்’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘இரவில் வாகன இலக்கத்தை வாசிக்க முடியுமா?’ என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. 2014இல் அளுத்கமயிலும் 2018இல் திகனயிலும் எமது கடைகள் எரிக்கப்பட்டதற்குப் பிறகு கெமரா பூட்டிய வர்த்தகர்கள் எம்மில் பலர். அவர்களும் இன்றிரவே தமது பதிவை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

விடயம் வெறும் கணக்குத்தான். இரண்டு மெகாபிக்சல் கெமராவின் படத்தில் குறுக்காக 1920 புள்ளிகள் இருக்கின்றன. கடைகளில் வழக்கமாகப் பூட்டுகின்ற 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் மிகவும் அகலமாகப் பார்க்கும். 10 மீற்றர் தூரத்தில் அது ஏறக்குறைய 25 மீற்றர் அகலத்தைப் பிடிக்கிறது. அப்படியானால் ஒரு மீற்றருக்குக் கிடைப்பது 77 புள்ளிகள். நீளமான இலக்கத் தகடு அரை மீற்றர் அளவு என்று வைத்துக்கொண்டால், முழுத் தகட்டுக்கும் 38 புள்ளிகள்தான் வரும். அதற்குள் ஏழெட்டு எழுத்துகளும் இலக்கங்களும் அடங்க வேண்டும். ஒன்றுக்கு ஐந்து புள்ளிகூட இல்லாதபோது 3 எது, 8 எது என்று யாரால் சொல்ல முடியும்? சினிமாவில் காட்டுவதுபோல் பிறகு பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். பதிவில் இல்லாத புள்ளியைப் பின்னர் யாராலும் உண்டாக்க முடியாது.

அதே கெமராவுக்கு 12 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டால், அதே 10 மீற்றரில் 5 மீற்றர் அகலம்தான் தெரியும். ஆனால் தகட்டுக்கு 192 புள்ளிகள் கிடைக்கும். தாராளமாக வாசிக்கலாம். ஆகவே மெகாபிக்சல் கூடிய கெமராவுக்கு ஓடுவதற்கு முன்னர் லென்ஸைப் பற்றிக் கேளுங்கள். 2.8 முதல் 12 வரை கூட்டிக் குறைக்கக்கூடிய லென்ஸ் உள்ளது என்றால் சிறிய கடைக்கு அது போதும். தூரம் கூடிய பெரிய முற்றமாக இருந்தால் 5 முதல் 50 வரையானது தேவைப்படலாம்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். முற்றம் முழுவதையும் பார்க்கின்ற கெமரா இலக்கத்தை வாசிக்காது. இலக்கத்தை வாசிக்கின்ற கெமரா முற்றத்தைக் காட்டாது. இரண்டு வேலைக்கும் இரண்டு கெமரா வேண்டும். ஒன்றையே வைத்து இரண்டையும் செய்யப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

இலக்கக் கெமராவை வாகனம் வேகம் குறைக்கின்ற இடத்துக்கு, அதாவது கேட்டுக்கு, நேராகத் திருப்புங்கள். உயரமாகப் பூட்டினால் யாரும் கழற்ற மாட்டார்கள் என்று மூன்றாம் மாடியில் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து வாகனத்தின் கூரைதான் தெரியும். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ 30 பாகைக்கு மேல் சரிந்து பார்த்தால் எழுத்துகள் நசுங்கிவிடும். மூன்று மீற்றர் உயரத்தில் கெமரா இருந்தால், வாகனம் குறைந்தது நான்கைந்து மீற்றருக்கு அப்பால் இருக்கும்போது படம் எடுக்கப்பட வேண்டும்.

இரவுதான் உண்மையான சோதனை. 2000ஆம் ஆண்டிலிருந்து எமது நாட்டில் வழங்கப்படுகின்ற தகடுகள், முன்பக்கம் வெள்ளையும் பின்பக்கம் மஞ்சளுமாக, வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றவை. கெமராவின் அகச்சிவப்பு விளக்கு அதில் பட்டுத் திரும்பும்போது தகடு முழுவதும் வெள்ளையாகிவிடுகிறது. எமது வேனுக்கு நடந்தது இதுதான். அதோடு வேகமும் சேர்கிறது. இருட்டில் கெமரா தானாகவே ஷட்டரை ஒரு செக்கனில் 25இல் ஒரு பங்கு நேரம் திறந்து வைக்கும். 30 கிலோமீற்றர் வேகத்தில் போகின்ற வாகனம் அதற்குள் 33 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். எழுத்து இழுபட்டுப் போகாமல் என்ன செய்யும்?

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ஷட்டரைத் தானியங்கியில் விடாமல் 500இல் ஒரு பங்கு அல்லது 1000இல் ஒரு பங்கு என்று கையால் நிறுத்திவிடச் சொல்லுங்கள். அப்போது படம் கறுத்துப்போகும், தகடு மாத்திரம் பளிச்சென்று தெரியும். ‘படம் இருட்டாக இருக்கிறது’ என்று பூட்டியவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அதுதான் சரியான படம். வாகனம் வெளியே போகும்போது பின்பக்கத் தகட்டை எடுத்தால் முன்விளக்கின் கூச்சமும் இராது. சரக்கை ஏற்றிய பிறகு எடுத்த படமாகவும் இருக்கும்.

இலக்கத்தைத் தானாகவே வாசித்துப் பட்டியலிடும் கெமராக்களும் விற்கிறார்கள். நாளாந்தம் நூறு லொறிகள் வந்துபோகும் பழைய சோனகத் தெரு வியாபாரிக்கு அது உதவலாம். மற்றவர்களுக்கு வீண் செலவு. அந்தக் கெமராவையும் கோணல் மாணலாகப் பூட்டினால் அதுவும் வாசிக்காது.

ரெக்கோடரைக் காசு மேசைக்குக் கீழே வைக்காதீர்கள், வந்தவன் அதையும் கொண்டுபோவான். மின்வெட்டுக்கு ஒரு யூ.பி.எஸ். வையுங்கள். ரெக்கோடரின் கடிகாரம் சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நேரம் பிழைத்த பதிவை வைத்துக்கொண்டு பொலிஸில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். ஒரு கெமரா 4 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 43 ஜிகாபைட் பிடிக்கும். நான்கு கெமராவுக்கு 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் பதினொரு நாட்களில் நிரம்பி, பழையது அழியும். மாத முடிவில் சரக்கு எண்ணிப் பார்த்துத்தான் திருட்டைக் கண்டுபிடிப்பவர் எதைப் போட்டுப் பார்ப்பார்?

கெமராவின் பார்வை அயலவரின் வாசலிலோ ஜன்னலிலோ விழாமல் பார்த்துக்கொள்வதும் எமது கடமை. அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பதை எமது மார்க்கம் எவ்வளவு கடுமையாகத் தடுத்திருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

பூட்டி முடிந்தவுடன் முழுக் காசையும் கொடுத்துவிடாதீர்கள். இஷாவுக்குப் பிறகு உங்களுடைய லொறியையும் ஒரு மோட்டார் சைக்கிளையும் கேட்டைத் தாண்டி ஓட்டச் சொல்லுங்கள். நேரடிப் படத்தைப் பார்க்காமல் ரெக்கோடரில் பதிவானதை எடுத்து, நிறுத்தி, இலக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். தடுமாறினால், ஏணியைக் கழற்றுவதற்கு முன்னரே அவரை மீண்டும் ஏறச் சொல்லுங்கள். மழை பெய்கின்ற ஓர் இரவிலும் இதைச் செய்து பார்த்துவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள்.