ஜாக்கி தூக்கும், தாங்காது



மணலியை அடுத்த சடையங்குப்பம் பக்கத்துக்காரர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. 2021 நவம்பரில் கொசஸ்தலை ஆறு பெருகியபோதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் ஊருக்குள் தண்ணீர் வந்தது. வெள்ளம் வடிந்ததும் பம்ப்செட் மோட்டாரைக் கழற்றிக் காயவைக்கிறோம். டிராக்டருக்கு ஆயில் மாற்றுகிறோம். மூலையில் முழுகிக் கிடந்த ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் மறந்துவிடுகிறோம். பிறகு ஒருநாள் டிரெய்லர் டயர் பஞ்சராகும்போது அது நம்மைக் கைவிட்டுவிடும்.

ஜாக்கிக்குள்ளே என்ன இருக்கிறது? ஒரு சின்ன பிஸ்டன், ஒரு பெரிய பிஸ்டன், நடுவிலே ஆயில். சின்னதன் விட்டம் 1 சென்டிமீட்டர், பெரியதன் விட்டம் 3 சென்டிமீட்டர் என்றால், பெரியதன் பரப்பு 9 மடங்கு. நாம் அமுக்குகிற விசையும் 9 மடங்காகிறது. கைப்பிடி நெம்புகோலாக இன்னும் பல மடங்கு கூட்டிக் கொடுக்கும். ஏறிய ஆயில் திரும்பி வராமல் சின்ன இரும்புக் குண்டு ஒன்று வழியை அடைத்து நிற்கும். அந்தக் குண்டின் அடியில் மணல் துகள் ஒன்று சிக்கினாலும் பாரம் மெல்ல இறங்கும்.

இனி கோளாறுகளைப் பார்ப்போம்.

ஜாக்கி ஏறவே இல்லையா? இறக்கும் திருகு நன்றாக மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி உயரத்தில் நின்றுவிட்டால் ஆயில் குறைவு. பிஸ்டனை முழுக்க இறக்கி, ஜாக்கியை நிமிர்த்தி வைத்து, பக்கத்து ரப்பர் மூடியை எடுங்கள். துவாரத்தின் அடி விளிம்பு வரை ஹைட்ராலிக் ஆயில் ஊற்றினால் போதும். பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கிற ரப்பர் சீல் உப்பிக் கெட்டுவிடும்.

அமுக்கும்போது பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. பாரம் இல்லாமல், இறக்கும் திருகைத் திறந்துவிட்டு, பத்துப் பதினைந்து தடவை கைப்பிடியை அடியுங்கள். காற்று வெளியேறிவிடும்.

ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு, புது ஆயில் கொஞ்சம் ஊற்றி அடித்து, அதையும் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்புங்கள். அதன் பிறகும் பாரம் இறங்கினால் சீலோ குண்டோ தேய்ந்திருக்கும். அது மெக்கானிக் வேலை.

எண்ணூர்க் கடற்காற்றில் உப்பு உண்டு. வேலை முடிந்ததும் பிஸ்டனைத் துடைத்து, முழுக்க இறக்கி, நிமிர்த்தியே வையுங்கள். துருப்பிடித்த பிஸ்டன் சீலை அறுத்துவிடும்.

கடைசியாக, உயிர்காக்கிற விஷயம். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. ஈர நிலத்தில் அடியில் கனமான பலகை போடுங்கள். தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கியதும் அச்சுக்கு அடியில் உறுதியான மரக்கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக் கொடுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கிவிடும். முட்டு இல்லாத வண்டிக்குக் கீழே, "ஒரு நிமிஷ வேலைதானே" என்று தலையை நுழைக்காதீர்கள். ஒரு துளி ஆயில் கசிந்தால் போதும், அந்த ஒரு நிமிஷம் ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும்.